மூன்று தட்டும் ஒரு தட்டும்

சோல் நகரின் தேச்சிதோங்கில் பொழுது சாயும்போதுதான் வகுப்புகள் சூடுபிடிக்கின்றன. காங்னம் வட்டாரத்தைச் சேர்ந்த இந்தப் பகுதி தனிப்பயிற்சிக்குப் பேர்போனது. ஒரே கட்டடத்தில் ஒரு மாடியில் கணக்கு, அடுத்ததில் கட்டுரை, அதற்கும் மேலே ஆங்கிலம். மஞ்சள் வேன்கள் பிள்ளைகளை இறக்கிவிட்டு அடுத்த நடைக்குக் கிளம்புகின்றன. இத்தகைய பயிற்சி நிலையத்துக்குக் கொரியாவில் ஹாக்வோன் என்று பெயர். அப்படி ஒன்றில், ஆங்கில ஆசிரியை ஒருவரின் மாலைப்பொழுதைக் கூடவே இருந்து பார்த்தேன்.

அவர் தென்னாப்பிரிக்காக்காரர். ஆங்கிலப் பேச்சு சொல்லிக்கொடுக்க வருபவர்களுக்கான இ-2 விசா, ஹாக்வோன்களைப் பொறுத்தவரை ஏழு நாட்டவருக்குத்தான்: அமெரிக்கா, கனடா, பிரிட்டன், அயர்லாந்து, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, தென்னாப்பிரிக்கா. பட்டமும், குற்றப் பின்னணி இல்லை என்ற சான்றும் வேண்டும். ஆசிரியர் பயிற்சி பெற்றிருக்க வேண்டிய கட்டாயம் இல்லை. இவர் படித்தது வணிகவியல். “பாடம் நடத்த என் மாணவர்கள்தான் எனக்குக் கற்றுக்கொடுத்தார்கள்” என்றார்.

முதல் வகுப்பில் ஒன்பது வயதுப் பிள்ளைகள். ஒவ்வொருவருக்கும் வகுப்புக்கென்று ஓர் ஆங்கிலப் பெயர். ‘டெஸ்க்’ என்று சொல்லிவிட்டு மேசையில் ஒருமுறை தட்டினார். பிள்ளைகள் ‘தெ-ஸு-க்கு’ என்று மூன்றுமுறை தட்டினார்கள். மெய்யெழுத்துகள் சேர்ந்து வந்தால் கொரிய நாக்கு இடையில் ஓர் உயிரைச் செருகிவிடும். நம்மூரிலும் அது ‘டெஸ்க்கு’தானே என்று எனக்குச் சிரிப்பு வந்தது. அவர் திருத்தவில்லை, மறுபடி ஒரே தட்டு. நாலைந்து சுற்றில் பின்வரிசைப் பையன் ஒருவனின் கை ஒரு தட்டோடு நின்றது. அதன்பின் ஒரு படத்தைக் காட்டிக் கேள்வி கேட்டார். பதில் வரவில்லை. அவரும் வாய் திறக்கவில்லை. புது ஆசிரியர்கள் அந்த மௌனம் பொறுக்காமல் பதிலைத் தாங்களே சொல்லிவிடுவார்களாம். காத்திருப்பதுதான் தொழிலில் கடினமான பாடம் என்றார்.

அதே பிள்ளைகளுக்கு இலக்கணமும் வாசிப்பும் சொல்லித்தருபவர் ஒரு கொரிய ஆசிரியை. சொல் தேர்வுத் தாள்களைத் திருத்துவது, பெற்றோருக்குத் தொலைபேசியில் பதில் சொல்வது எல்லாம் அவர் தலையில்தான். எல்லா ஓட்டமும் நவம்பரில் நடக்கும் ‘சுனுங்’ என்னும் பல்கலைக்கழக நுழைவுத் தேர்வை நோக்கித்தான். ஆங்கிலத்துக்கு 70 நிமிடம், 45 கேள்விகள்; 17 கேட்டல், மற்றவை வாசிப்பு. கேட்டல் பகுதி நடக்கும்போது நாடெங்கும் விமானங்கள் ஏறுவதுமில்லை, இறங்குவதுமில்லை. அத்தனை ஏற்பாடு செய்யும் அந்தத் தேர்வில் பேச்சுக்கு ஒரு மதிப்பெண்கூடக் கிடையாது.

ஆகவே பிள்ளைகள் வளர வளர தென்னாப்பிரிக்க ஆசிரியையின் வகுப்புகள் குறைகின்றன. இரவு வகுப்புக்கு வந்த பெரிய மாணவர்கள், கடையில் கப் நூடுல்ஸ் சாப்பிட்ட கையோடு கொரிய ஆசிரியையின் அறைக்குத்தான் போனார்கள். சோலில் ஹாக்வோன்கள் இரவு பத்து மணிக்கு மூடியாக வேண்டும் என்பது விதி. அதுவரை அங்கே விளக்கு எரியும்.

அவரைப் போன்ற வெளிநாட்டு ஆசிரியர்களுக்கு ஒப்பந்தம் ஓராண்டுக்கு. முடித்தால் சட்டப்படி ஏறத்தாழ ஒரு மாதச் சம்பளம் பணிக்கொடை. பலர் அதை வாங்கிக்கொண்டு ஊர் திரும்பிவிடுகிறார்கள். தேர்வுக்கு உதவாத பாடத்தை, நிலைக்காத ஆசிரியரிடம், காசு கொடுத்து ஏன் படிக்க வேண்டும்? கொரிய ஆசிரியையிடம் கேட்டேன். “என் வகுப்பில் தப்பு செய்தால் மதிப்பெண் போகும். அதனால் தெரிந்ததைக்கூடச் சொல்ல மாட்டார்கள். அவர் வகுப்பில் தெரியாததையும் சொல்லிப் பார்க்கிறார்கள்” என்றார்.

பெற்றோர் கட்டணம் கட்டுவது நல்ல உச்சரிப்புக்காக. பிள்ளைக்குக் கிடைப்பதோ, தப்பாகப் பேசினாலும் எதையும் இழக்காத ஒரு மணி நேரம். தேச்சிதோங்கில் கிடைப்பதற்கு அரிய பண்டம் அதுதான்.