கணுக்கால் தண்ணீர்

கோடியக்கரைக்கு எந்த நாளில் போவது என்று எனக்கும் பெரியப்பாவுக்கும் இரண்டு மாதமாகப் பேச்சு நடக்கிறது. எனக்கு விடுமுறை மார்கழியில். அவரோ தை பிறக்கட்டும் என்கிறார். பத்து வயதில் என்னை அங்கே கூட்டிப்போய்ப் பூநாரை காட்டியவர் அவர்தான். இப்போது எழுபத்தெட்டு வயது, திருத்துறைப்பூண்டியில் இருக்கிறார், ஒரு கண்ணில் பார்வை மங்கிவிட்டது. ஆனாலும் தொலைபேசியை எடுத்ததும் கேட்கிற கேள்வி மாறவில்லை.

"தண்ணி எவ்வளவு நிக்குதுன்னு விசாரிச்சியாடா?"

இந்தக் கேள்வியை அலட்சியம் செய்து ஒரு வருடம் பட்டிருக்கிறேன். நல்ல மழை வருடம் அது. பறவைகளுக்குக் கொண்டாட்டமாக இருக்கும் என்று எண்ணி மார்கழி நடுவில் போனேன். சதுப்பு முழுக்கக் கடல்போல் தண்ணீர். தூரத்தில் நாலைந்து கூழைக்கடா, தலைக்குமேல் சில ஆலாக்கள், அவ்வளவுதான். உள்ளான் ஒன்றுகூட இல்லை. நிற்பதற்கு இடமிருந்தால்தானே அவை இருக்கும்?

கரைப்பறவைகளின் உலகம் அங்குலக் கணக்கில் இயங்குவது. கொசு உள்ளானுக்கு ஈரச் சேறு வேண்டும், அதன்மேல் ஒரு விரல் தண்ணீர் நின்றால் பொறுத்துக்கொள்ளும். செங்கால் உள்ளான் இன்னும் கொஞ்சம் உள்ளே இறங்கும். மூக்கன் வயிறு நனையுமளவு போய் நீண்ட அலகைச் சேற்றுக்குள் செருகும். பூநாரைக்கு முழங்கால் ஆழமும் சம்மதம், தலையைக் கவிழ்த்து உப்பு நீரை அலகால் அரித்து நுண்ணுயிர்களைத் தின்னும். வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து தண்ணீர் மெல்ல வடியும்போது ஓரங்களில் சேறு வெளிப்படும். அப்போதுதான் அத்தனை காலுக்கும் ஒரே சமயத்தில் இடம் கிடைக்கும். இவ்வளவு தட்டையான நிலத்தில் காற்றும் சேர்ந்து விளையாடும். வாடை ஓங்கி வீசினால் தண்ணீர் ஒரு பக்கம் ஒதுங்கும், நேற்றுச் சேறாக இருந்த இடம் இன்று மூழ்கிக் கிடக்கும்.

எல்லோரும் பூநாரைக்காகப் போகிறார்கள். நானும் அப்படித்தான் ஆரம்பித்தேன், குறை சொல்லவில்லை. ஆனால் வயது ஏற ஏற என் மனசு கொசு உள்ளானிடம் போய்விட்டது. ஒரு எலுமிச்சம்பழத்தின் எடைகூட இல்லாத உடம்பு, வடதுருவத்தை ஒட்டிய தூந்திரத்தில் குஞ்சு பொரித்துவிட்டு நம் கடற்கரைக்கு வருகிறது. அந்தக் கூட்டத்தை ஒவ்வொன்றாகப் பார்க்க இன்னொரு காரணமும் உண்டு. கரண்டிமூக்கு உள்ளான் முன்பு இங்கே பதிவாகியிருக்கிறது. உலகம் முழுவதிலும் சில நூறுதான் மிஞ்சியிருக்கும் பறவை. தூரத்திலிருந்து பார்த்தால் கொசு உள்ளான் போலவேதான் இருக்கும், அலகின் நுனி மட்டும் தட்டையாக விரிந்திருக்கும். இனி வரும் என்று சொல்ல எனக்குத் துணிவில்லை. பார்க்காமல் திரும்பவும் மனம் வராது.

பங்குனியில் போகலாமா என்றும் யோசித்தேன். குளிர்காலம் முழுக்கச் சாம்பல் நிறத்தில் அலைந்த வளைமூக்கு உள்ளான் வடக்கே கிளம்புமுன் செங்கல் நிறத்துக்கு மாறத் தொடங்கும் காலம் அது. ஆனால் அந்த வெயில் பெரியப்பாவுக்கு ஆகாது. போக நினைக்கிற எவருக்கும் நான் சொல்வது ஒன்று உண்டு. பங்குனியில் தள்ளியே நில்லுங்கள். அந்த நாட்களில் அவை தின்பதெல்லாம் ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் பயணத்துக்கான கொழுப்பு. படத்துக்காக ஒருமுறை கூட்டத்தைக் கிளப்பிவிட்டால் அந்தச் சேமிப்பிலிருந்துதான் செலவாகும்.

பயணம் முன்பைவிடச் சுலபம். 2023-இல் திருத்துறைப்பூண்டியிலிருந்து அகஸ்தியன்பள்ளிக்கு அகல ரயில்பாதை வந்துவிட்டது. 1930-இல் ராஜாஜி உப்பு அள்ளிய ஊர் அது. அங்கிருந்து ஆட்டோ பிடித்தால் உப்பளங்களைக் கடந்து கோடியக்காடு, பிறகு கரை. முதல்நாளே போய்த் தங்கிவிட வேண்டும். விடிந்து இரண்டு மணி நேரம்தான் நமக்கு, வெயில் முதுகில் விழும்படி நின்று பார்க்க வேண்டும். ஒன்பது மணிக்குமேல் கானல் எழுந்துவிட்டால் தொலைநோக்கியில் உள்ளானும் மூக்கனும் ஒன்றாக நெளியும்.

பெரியப்பாவுக்குத் தொலைநோக்கி இனி உதவாது. அதனால் இந்தமுறை காதுக்காகவும் திட்டம் போட்டிருக்கிறேன். முதல் சாயங்காலம் சதுப்புக்குப் போகாமல் காட்டோரம் உட்காருவோம். ஆறுமணிக்குருவி ஐப்பசியில் வடக்கிலிருந்து வந்து இந்தக் காட்டில் இறங்கும், சில இங்கேயே தங்கிவிடும். அந்தி சாயும்போது சீட்டியடித்தாற்போல் இரண்டு சுரம் கேட்கும், அதைப் பார்க்கக் கண் வேண்டாம். மறுநாள் சேற்றோரத்தில் குதிரைமலைக் கோட்டானின் நீண்ட கூவல், பூநாரைக் கூட்டம் வாத்துக்கூட்டம்போல் ஓயாமல் முனகும் சத்தம். இதையெல்லாம் சொன்னபோது பெரியப்பா கொஞ்ச நேரம் பேசவில்லை.

"செங்கால் உள்ளானை விட்டுட்டியே. ஆளைக் கண்டா முதல்ல கத்துறது அதுதான்," என்றார் பிறகு.

விடுமுறையை மாற்றிக் கேட்டிருக்கிறேன். நேற்று இரவு அவரே கூப்பிட்டார். கோடியக்காட்டில் பழைய மாணவர் ஒருவரைப் பிடித்து விசாரித்தாராம்.

"வடிய ஆரம்பிச்சிருச்சு. ஓரத்துல கணுக்கால் தண்ணிதான் நிக்குதாம். பொங்கல் கழிச்சு நாலாம் நாள் வர்றியா?"

"வர்றேன் பெரியப்பா."

"ஸ்வெட்டர் எடுத்துக்கடா. விடியக்காலம் வாடை அறுக்கும்."