கண்டி முழவும் ஒரு தாலாட்டும்

கொழும்புக் கோட்டையிலிருந்து கண்டிக்குப் புறப்படும் புகைவண்டி, றம்புக்கனையைத் தாண்டியதும் வேகத்தைக் குறைத்துக்கொள்கிறது. அதன்பின் கடுகண்ணாவை வரை ஒரே ஏற்றந்தான். ஒரு பக்கம் மலைச் சுவர். மறுபக்கம் பார்த்தாலே தலை சுற்றும் பள்ளத்தாக்கு. 1867 ஆம் ஆண்டில் கண்டியை எட்டிய இந்தப் பாதையில் நான் பல முறை சென்றிருக்கிறேன். சென்ற போதெல்லாம் அவ்விடத்தில் ஜன்னலை விட்டு என் கண்கள் அகன்றதில்லை. இம்முறை மாத்திரம் மலையழகில் மனம் செல்லவில்லை. முதல் நாள் இரவு தொலைபேசியில் என் மருமகன் சொன்ன ஒரு வாக்கியமே காதில் ஒலித்துக்கொண்டிருந்தது.

"மாமா, அம்மம்மாவின் தாலாட்டுப் போய்விட்டது."

அவன் என் தங்கையின் மகன். பேராதனைப் பல்கலைக்கழகத்தில் பொறியியல் பயில்கிறான். மூன்று ஆண்டுகளுக்கு முன்னர் அவனுக்கு ஒரு தொடுதிரைக் கணினி வாங்கிக் கொடுத்தேன். அதில் இசை எழுப்பும் செயலி ஒன்று இருந்தது. கண்ணாடியில் விரலை வைத்தால் சுரம் பிறக்கும். விரலை நகர்த்தினால் சுரமும் வழுக்கிச் செல்லும். என் தாயார் தாம் பெற்ற பிள்ளைகளையும் பேரப்பிள்ளைகளையும் உறங்கச் செய்த தாலாட்டு ஒன்றுண்டு. அவர் பாடப் பாட, பையன் அக்கண்ணாடியில் விரலால் பின்தொடர்ந்தான். குரல் எங்கே குழைந்ததோ அங்கே விரலும் குழைந்தது. பல நாள் முயன்று அதனை அச்செயலியிலேயே பதிந்து வைத்தான்.

அம்மா சென்ற ஆண்டு காலமானார். அவர் குரலைப் பதிவு செய்து வைக்க எங்களுள் எவருக்கும் தோன்றவில்லை. எஞ்சியிருந்தது பையனின் விரல் பதிந்த அந்தத் தாலாட்டு ஒன்றே. ஆண்டுத் திவசத்தன்று உறவினர் முன் அதனை ஒலிக்கச் செய்ய எண்ணியிருந்தோம். அதற்கு ஒரு மாதமே இருக்கையில், கணினி ஓர் இரவு தன்னைத் தானே புதுப்பித்துக்கொண்டது. மறுநாள் அச்செயலி திறக்க மறுத்துவிட்டது. செயலியை ஆக்கிய நிறுவனமோ கடையைக் கட்டிவிட்டது. எழுதிய கடிதங்களுக்குப் பதிலில்லை.

மாளிகையின் மாலை முழக்கம்

கண்டி நிலையத்தில் என்னை எதிர்கொண்ட மருமகனின் முகம் வாடியிருந்தது. "முதலில் வாவிக் கரையில் சற்று நடப்போம்" என்றேன். கடைசி மன்னன் ஸ்ரீ விக்கிரம இராசசிங்கன் வெட்டுவித்த வாவி அது. மதுரை நாயக்கர் வழியில் வந்த அவனுக்குக் கண்ணுசாமி என்பது இயற்பெயர். 1815 இல் அரசை இழந்து, வேலூருக்கு அனுப்பப்பட்டு, 1832 இல் அங்கேயே மாண்டான். அவன் காலத்து எண்கோண மண்டபம் இன்றும் வாவியைப் பார்த்தபடி நிற்கிறது.

அந்தி மங்கும் வேளையில் தலதா மாளிகைக்குள் சென்றோம். நாள்தோறும் மூன்று வேளை அங்கே பூசை நிகழும். மூன்று வேளையும் முழவு ஒலிக்கும். வெண்ணிற ஆடையும் செந்நிற இடைக்கச்சும் அணிந்த கலைஞர்கள் வரிசையாக நின்றார்கள். தவுல என்பதை ஒரு கையில் குச்சியும் மறு கை வெறுமையுமாக முழக்குகிறார்கள். தம்மெட்டம என்பது நம் தம்பட்டத்தை நினைவூட்டும் இரட்டைப் பறை. ஹொரணை என்பது நாதசுரத்தின் சின்னத் தம்பி. பெரஹரா ஊர்வலங்களில் நடனக்காரரோடு செல்லும் 'கெட்ட பெரய'வே கண்டிக்குரிய சிறப்பு முழவு. பெயரைக் கேட்டு முகஞ் சுளிக்க வேண்டாம். சிங்களத்தில் அச்சொல்லுக்கு முடிச்சு, புடைப்பு என்பது பொருள். இடையில் கட்டிக்கொண்டு, நம் மிருதங்கத்தைப் போல இரு முகங்களையும் இரு கைகளால் வாசிப்பர். தத், ஜித், தொங், நங் என்னும் நான்கு அடிப்படை ஒலிகளிலிருந்தே அதன் பாடமெல்லாம் விரிகிறது.

தூணருகே நின்ற மருமகன் என் காதோடு சொன்னான்: "மாமா, அவருடைய கையைப் பாருங்கள். அடிப்பது மட்டுமா செய்கிறார்? அழுத்துகிறார், தடவுகிறார், ஒலி பிறந்த பின்பும் உள்ளங்கையால் அதை அடக்குகிறார். என் பலகை அறிய வேண்டியதும் இதைத்தான்."

"இந்த முழக்கம் இத்தனை காலம் நிலைத்தது எப்படி, தெரியுமா?" என்று நான் கேட்டேன். கண்டி மன்னர் காலத்தில் ஆலய முழவுப் பணிக்கென்றே குடும்பங்களுக்கு நிலம் விடப்பட்டது. நிலத்தை உழுது உண்பவன், முறை வரும் நாளில் வந்து முழவு வாசிக்க வேண்டும். மகனுக்குக் கற்றுக்கொடுப்பதும் அவன் கடனாயிற்று. முடி போன பின்னும் முழக்கம் போகவில்லை. முழவைச் செய்தவனைப் போலவே, அதனைத் தாங்கி நிற்க ஓர் ஏற்பாடு செய்தவனும் நம் நன்றிக்குரியவன்.

விரலறியும் பலகை

மறுநாட் காலை பேராதனைக்குச் சென்றோம். மகாவலி கங்கையின் அருகே, மரநிழலில் பரந்து கிடக்கும் அப்பல்கலைக்கழகத்தை வருணிக்க வேறொரு கட்டுரை வேண்டும். 1964 இல் பொறியியற் பீடம் கொழும்பிலிருந்து அங்கே வந்தது என்பதை மட்டும் இங்குக் குறிக்கிறேன். மருமகன் தங்கியிருந்த அறையின் மேசையில் இரண்டு சாண் நீளத்தில் கறுப்பு இறப்பர் போர்த்த பலகை ஒன்று கிடந்தது. அவனும் தோழர் இருவரும் சேர்ந்து செய்வது.

"பியானோக் கட்டை ஒன்றை அழுத்தினால் ஒரு சுரம், அடுத்ததை அழுத்தினால் அடுத்த சுரம். இரண்டுக்கும் நடுவே உள்ள வழி அதற்குத் தெரியாது. நம் பாட்டோ அந்த வழியில்தான் இருக்கிறது" என்றான்.

உண்மைதான். வீணையில் தந்தியை இழுத்துக் கமகம் காட்டலாம், ஆர்மோனியத்தில் இயலாது. அகில இந்திய வானொலி 1940 இல் ஆர்மோனியத்தை விலக்கி வைத்ததற்கு அதுவும் ஒரு காரணம். 1971 இலேதான் அத்தடை தளர்ந்தது.

பலகையின் உள்ளமைப்பை எனக்கு விளங்கும்படி சொன்னான். இறப்பருக்கு அடியில் நீளவாட்டில் சில செப்புக் கீற்றுகள், குறுக்குவாட்டில் சில. இடையில் அழுத்தத்துக்கேற்ப மின்தடை மாறும் மெல்லிய தாள். கீற்றுகள் வெட்டும் ஒவ்வொரு சந்தியையும் ஒரு சிறு கணினி நொடிக்குப் பல நூறு முறை விசாரிக்கிறது. ஒவ்வொரு விரலைப் பற்றியும் மூன்று செய்திகள் கிடைக்கின்றன. இடவலமாக எங்கே நிற்கிறது என்பதிலிருந்து சுரம்; எவ்வளவு அழுத்துகிறது என்பதிலிருந்து ஒலியின் வன்மை; முன்னும் பின்னுமாக எங்கே இருக்கிறது என்பதிலிருந்து ஒலியின் நிறம். இம்மூன்றையும் வாங்கி, நொடிக்கு 48,000 எண்களாக ஒலியலையைக் கணக்கிட்டு ஒலிபெருக்கிக்கு அனுப்புவது சிந்தசைசர் என்னும் மென்பொருள். விரலுக்கும் ஒலிக்கும் இடையே நொடியில் நூற்றிலொரு பங்கு தாமதமானால் போதும், தேர்ந்த கை அதை உணர்ந்துவிடுமாம்!

இத்தகைய கருவிக்கு முன்னோடிகள் உண்டு. அமெரிக்காவில் இல்லினோய் பல்கலைக்கழகத்துப் பேராசிரியர் லிப்போல்ட் ஹேக்கன் 1983 இல் ஒரு பலகையை உருவாக்கத் தொடங்கினார். 'கன்டினுவம்' எனப்படும் அது 1999 இலேதான் முதன்முதலாக விற்பனைக்கு வந்தது. பெரிய அளவுப் பலகை ஏறத்தாழ 137 சென்ரிமீற்றர் நீளமும் 19 சென்ரிமீற்றர் அகலமும் உடையது. மேற்பரப்பு நியோபிரீன் என்னும் செயற்கை இறப்பர். தொடக்கத்தில் ஒலியை எழுப்ப வேறொரு பொறி வேண்டியிருந்தது. பின்னர் எட்மண்ட் ஈகன் என்பவரின் பெயரைத் தாங்கிய ஒலியமைப்பு கருவிக்குள்ளேயே குடிபுகுந்தது. 2009 இல் வெளியான 'தில்லி 6' என்னும் இந்திப் படத்தின் 'ரெஹ்னா தூ' பாட்டின் இறுதியில் ஏ. ஆர். ரகுமான் வாசித்திருப்பது அக்கருவியே.

"பதினாறு ஆண்டு உழைத்து முதற் கருவியை விற்றார். அதன் பிறகும் மென்பொருளைத் திருத்தித் திருத்தி வெளியிட்டார்கள், மாமா. 2014 இல் வந்த லின்ஸ்ட்ருமெண்ட் என்னும் கருவியை ஆக்கிய ரோஜர் லின், உள்ளிருந்து இயக்கும் நிரலையே எவரும் படித்துத் திருத்தலாம் என்று திறந்து வைத்துவிட்டார்" என்றான். என் உள்ளத்தில், திறக்க மறுத்த அந்தச் செயலியின் நினைவு முள்ளாய்த் தைத்தது.

முழவுத் தொழிலாளர் முற்றத்தில்

பிற்பகலில் பேருந்தேறி, கண்டிக்குப் புறத்தேயுள்ள ஒரு கிராமத்துக்குப் போனோம். முழவு செய்யும் முதியவர் ஒருவரை மருமகன் அறிந்திருந்தான். முற்றத்தில் குடைந்த மரத்துண்டுகள் காய்ந்துகொண்டிருந்தன. கொன்றை, வேம்பு, பலா ஆகியவை ஏற்ற மரங்களாம். ஒரு முகத்துக்கு மாட்டுத் தோலும் மறு முகத்துக்கு மெல்லிய தோலும் போர்த்து, வாரால் இழுத்துக் கட்டுகிறார்கள். முற்காலத்தில் அந்த மெல்லிய தோல் குரங்குத் தோலாக இருந்தது. தாம் ஆட்டுத் தோலே இடுவதாக முதியவர் சொன்னார்.

மழைக்காலத்துக் கண்டியின் ஈரம் தோலைத் தளரச் செய்துவிடும். வாரை மறுபடி இறுக்க வேண்டும். மருமகன் சிரித்தான், ஈரநாளில் அவனுடைய பலகையும் தொடாமலே தொட்டதாகச் சொல்லுமாம். காலைதோறும் அதற்கு 'இதுதான் பூச்சியம்' என்று கற்பிக்க வேண்டியிருக்கிறதாம்.

கூரையடியில் தொங்கிய பழைய முழவொன்றை முதியவர் காட்டினார். மரம் தேய்ந்து மினுமினுத்தது. "என் பாட்டன் குடைந்த மரம், மாத்தையா. தோல் எத்தனை முறை மாறியது என்பதற்குக் கணக்கில்லை" என்று சிங்களத்தில் சொன்னதை மருமகன் எனக்கு மொழிபெயர்த்தான்.

"தோல் கிழிந்தால் பழைய ஒலி போய்விடாதா?" என்று கேட்டேன்.

முதியவர் என்னை வியப்புடன் நோக்கினார். "ஒலி தோலிலா இருக்கிறது? தோல் போனால் வேறு தோல். கேட்ட ஒருவன் இருக்க வேண்டும். அவன், இப்படியன்று, இப்படி என்று சொல்ல வேண்டும். அவ்வளவுதான்."

திரும்பும் வழியெல்லாம் மருமகன் பேசவில்லை. பேராதனைப் பாலத்தை நெருங்கியபோது திடீரென்று கேட்டான்: "மாமா, அம்மம்மா உங்களுக்கும் அந்தத் தாலாட்டைத்தானே பாடியிருப்பார்?"

மறுபடி பிறந்த தாலாட்டு

நான் பாடுகிறவன் அல்லேன். பள்ளிக்கூடத்துப் பிரார்த்தனைக்குப் பிறகு வாய் திறந்து பாடியதில்லை. எனினும் அன்றிரவு அவ்வறையில், கதவைத் தாழிட்டுக்கொண்டு பாடினேன். முதலடி நினைவில் இருந்தது. இரண்டாம் அடி தடுமாறிற்று. தங்கையைத் தொலைபேசியில் அழைத்தோம். அவள் பாதி அழுகையோடு மூன்றாம் அடியை எடுத்துக் கொடுத்தாள். பையன் கறுப்பு இறப்பரில் விரலை வைத்துப் பின்தொடர்ந்தான். "இல்லை தம்பி, அவ்விடத்தில் இன்னும் கீழே இறங்கி, மெல்ல ஏற வேண்டும்" என்றேன். விரல் இறங்கிற்று, அழுந்திற்று, ஏறிற்று. நள்ளிரவு தாண்டிய பின், ஒரு கணம், அம்மாவின் மூச்சு அந்தப் பலகையில் வந்து போனதை நாங்கள் மூவரும் கேட்டோம்.

அது பழைய பதிவு அன்று என்பதை நான் அறிவேன். அம்மா இருந்தபோது அவர் குரலைத் தொட்டுச் சென்ற விரலின் தடம் போனது போனதுதான். அந்த இழப்பை மறைத்துப் பேசுவதில் பயனில்லை. ஆனால் மருமகன் அன்றிரவே ஒரு காரியம் செய்தான். தாலாட்டை எந்தக் கருவியிலும் ஒலிக்கக்கூடிய சாதாரண ஒலிக்கோப்பாக ஒரு படி எடுத்தான். விரலின் அசைவுகளை, 1983 முதல் உலகெங்கும் கருவிகள் தம்முள் பேசிவரும் 'மிடி' என்னும் பொதுமொழியில் இன்னொரு படி எடுத்தான். அம்மொழியில் ஒவ்வொரு விரலுக்கும் தனித்தனியே இடம் தரும் முறை 2018 இல் ஏற்கப்பட்டிருப்பதால், குழைவும் அழுத்தமும் அதில் அடங்கின. மூன்றாவதாக, தங்கள் பலகையின் படத்தையும் நிரலையும் எவரும் எடுத்துப் படிக்கும்படி திறந்து வைக்கத் தோழரின் இசைவைக் கேட்டு எழுதினான்.

"நாங்கள் படிப்பு முடித்துப் போய்விட்டாலும், தோல் மாற்றத் தெரிந்த ஒருவன் எங்காவது இருப்பான் அல்லவா?" என்றான்.

மாணவச் செல்வங்களே, புதிய கருவி ஒன்றைப் படைக்கும் ஆசை உங்களுக்கும் இருக்கலாம். படையுங்கள். படைக்கும்போதே, அது பழுதுபடும் நாளையும் எண்ணிப் பாருங்கள். அந்நாளில் அதைக் கையில் எடுக்கப் போகிறவனுக்கு ஒரு குறிப்பெழுதி வையுங்கள். பெற்றோரே, உங்கள் இல்லத்து முதியவர் பாடும் பாட்டை இன்றைக்கே கேட்டு வையுங்கள்.

திங்கட்கிழமை அதிகாலை நான் புகைவண்டி ஏறினேன். கடுகண்ணாவை இறக்கத்தில் ஜன்னலோரம் அமர்ந்து, பனி விலகும் மலைகளைப் பார்த்துக்கொண்டே வந்தேன். எதிரே இருந்த குழந்தையொன்று சிணுங்கியது. அதன் தாய் தோளில் சாய்த்துத் தட்டினாள். என்னையும் அறியாமல் என் வாய் அந்தத் தாலாட்டின் இரண்டாம் அடியை முணுமுணுத்தது; இம்முறை தடுமாறவில்லை.