ராயப்பேட்டை சந்துக்குப் போன மூன்று வெடைக்கோழிகள்

மதுராந்தகம் பக்கத்திலிருந்து எங்கள் வாழையிலைக் கட்டுகளை ஏற்றிக்கொண்டு பதினைந்து நாளைக்கு ஒருமுறை சென்னைக்குப் போவேன். ஜாம்பஜார் மார்க்கெட்டில் இறக்கும்போது விடிகாலை ஐந்து மணி இருக்கும். போன மாசி மாதம் இலைக்கட்டுகளுக்கு நடுவில் ஒரு கூடையும் இருந்தது. உள்ளே மூன்று வெடைக்கோழிகள். மூன்று மாத வயது. வயலில் தாய்க்கோழியோடு மேய்ந்து வளர்ந்தவை, மனிதர் கை படாதவை. ஆட்டோ ஹாரன் அடித்தாலே கூடைக்குள் பறந்து முட்டிக்கொண்டன.

கூடையைத் தோளில் வைத்துக்கொண்டு பாரதி சாலையில் நடந்தேன். ஆற்காடு நவாப் குடும்பத்தார் 1876 முதல் வசிக்கும் அமீர் மஹால் இந்தச் சாலையில்தான் இருக்கிறது. அதைத் தாண்டிச் சந்துகளுக்குள் நுழைந்தால் வேறு ஊர். ஒரு பக்கம் அடுக்குமாடி, மறுபக்கம் ஓட்டு வீடு. வாசலில் பைக், திண்ணையில் ஆடு, சாக்கடை மூடியின் மேல் கோழி. இப்படியொரு சந்தில்தான் என் அத்தை வீடு. பின்கட்டில் ஒரு கிணறு, ஒரு முருங்கை, ஒரு துவைக்கிற கல். மொத்தம் பத்தடிக்கு இருபதடி இடம்.

மாமா போனபிறகு அத்தைக்குத் துணை அந்தப் பின்கட்டில் இருக்கும் மூன்று கோழிகள்தான். இரண்டு நாட்டுக்கோழி, ஒன்று நந்தனம் கோழி. அண்ணா சாலையோடு போனால் கொஞ்ச தூரத்தில் வருகிற நந்தனம்தான் அது. அங்கே இருந்த கோழி ஆராய்ச்சி நிலையத்தின் பெயரில் வந்த ரகம். இன்று அந்த வேலை மாதவரத்தில் கால்நடைப் பல்கலைக்கழகத்தின் கீழ் நடக்கிறது.

கூடையைப் பார்த்ததும் அத்தை முகம் மாறிவிட்டது.

"இதுங்களையும் சாகடிக்கவா கொண்டு வந்தே?"

எனக்குப் புரியவில்லை. பொங்கலுக்கு நான் ஒரு வெடைக்கோழி கொடுத்துவிட்டுப் போயிருந்தேன். போனில் கேட்டபோதெல்லாம் "நல்லா இருக்குப்பா" என்றுதான் சொன்னார். அது மூன்றாம் நாளே துவைக்கிற கல்லுக்குப் பின்னால் செத்துக் கிடந்ததாம். தலையெல்லாம் கொத்திய காயம். நான் வருத்தப்படுவேனென்று மறைத்திருக்கிறார்.

கொத்துவது குணம் கெட்டதனால் அல்ல

"கருப்பி பொல்லாதவ" என்றார் அத்தை. கருப்பிதான் மூன்றில் மூத்தது. ஆனால் அவளைக் குறை சொல்லிப் பயனில்லை. கோழிக்கூட்டத்தில் யார் முதலில் தின்பது, யார் எந்தக் கிளையில் அடைவது என்பதற்கு வரிசை உண்டு. நார்வே நாட்டைச் சேர்ந்த தோர்லைஃப் ஷெல்டெரப் எப்பே என்பவர் சிறுவயதிலிருந்தே கோழிகளைக் கவனித்து, 1920-களின் தொடக்கத்தில் இதை எழுதி வைத்தார். புதிதாக ஒன்று வந்தால் வரிசை கலைகிறது. கொத்தித்தான் மறுபடி வரிசை போடுகின்றன. தோற்ற கோழி விலகி ஓடிவிட்டால் சண்டை அதோடு முடியும். பத்தடி இடத்தில் எங்கே ஓடும்? அதிலும் ஒற்றைக் கோழி. மூன்று பேரின் கொத்தையும் அது ஒன்றே வாங்கியிருக்கிறது.

அதனால் இந்த முறை அவசரப்படவில்லை. அத்தையும் நானும் உட்கார்ந்து பேசி, என் மூன்று நடைக்கும் ஒரு வேலை என்று பிரித்துக்கொண்டோம்.

முதல் நடை: மொட்டை மாடி

முதல் பதினைந்து நாள் மூன்றும் மாடியில், தனியே. புதுக்கோழியிடம் நோய் இருந்தால் அது பழைய கோழிகளுக்கு ஒட்டக்கூடாது. வெள்ளைக்கழிச்சலுக்கு எட்டாவது வாரமே ஊசி போட்டிருந்தோம். ஆனாலும் சளி, பேன், ரத்தக்கழிச்சல் இருக்கிறதா என்று பார்க்க நாள் வேண்டும். மாடியில் நின்றால் எக்ஸ்பிரஸ் அவென்யூ கட்டடம் தெரிகிறது, தலைக்கு மேல் பருந்து சுற்றுகிறது. பழைய கொசுவலைக் கதவு ஒன்றைக் கூரையாகப் போட்டோம். ராத்திரி பூனையும் பெருச்சாளியும் வரும் என்பதால் படிக்கட்டு அறைக்குள் அடைத்தோம்.

மிரட்சியைப் போக்க அத்தைக்கு ஒரே வேலைதான். தினமும் அதே நேரம், அதே முக்காலியில் உட்கார்ந்து "பா... பா..." என்று கூப்பிட்டு நொய் தூவுவது. பிடிக்கப் போகக்கூடாது. மேலிருந்து வரும் கை கோழிக்குப் பருந்து மாதிரி. நாம் தாழ்ந்து உட்கார்ந்தால் அதுவாகவே நெருங்கி வரும்.

இரண்டாம் நடை: பஞ்சாரம்

அடுத்த முறை போனபோது மூன்றும் அத்தையின் காலடியில் நின்று தின்றன. இனிக் கீழே இறக்கலாம். அத்தை பரணிலிருந்து ஒரு பஞ்சாரத்தை எடுத்தார், எங்கள் பாட்டி வீட்டுச் சீதனம். பகலில் பின்கட்டின் நடுவே பஞ்சாரத்துக்குள் புதியவை, வெளியே பழையவை. மூங்கில் இடைவெளி வழியே பார்க்கலாம், குரல் கேட்கலாம், ஆனால் பாய்ந்து கொத்த முடியாது. பஞ்சாரத்தின் இருபுறமும் ஒரே நேரத்தில் தீனி போட்டார். எதிரெதிரே நின்று தின்றாலே பாதிப் பழக்கம் வந்துவிடும். முதல் இரண்டு நாள் கருப்பி பஞ்சாரத்தைச் சுற்றிச் சுற்றி வந்து மூங்கிலைக் கொத்தினாள். நாலாம் நாள் பக்கத்திலேயே மண் குளித்தாளாம். மாலையானால் புதியவை மறுபடி மாடிக்கு.

தீனியில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். முட்டைக்கோழித் தீவனத்தில் சுண்ணாம்புச்சத்து நூற்றுக்கு மூன்றரை பங்கு அளவில் இருக்கும். முட்டையிடாத இளங்கோழிக்கு ஒரு பங்கு போதும். மிஞ்சினால் சிறுநீரகம் கெடும். அதனால் எல்லாவற்றுக்கும் வளர்கோழித் தீவனமே போட்டு, முட்டையிடும் கோழிகளுக்குக் கிளிஞ்சல் தூளைத் தனிக் கிண்ணத்தில் வைத்தோம். வேண்டியது மட்டும் போய்த் தின்றுகொள்ளும்.

மூன்றாம் நடை: திறந்துவிட்ட நாள்

பங்குனியில் நான் கூட இருந்தபோதே பஞ்சாரத்தைத் தூக்கினோம். அதற்கு முன்பே பின்கட்டை மாற்றி வைத்திருந்தோம். தீனித்தட்டு மூன்று, தண்ணீர் இரண்டு, ஒன்றிலிருந்து பார்த்தால் இன்னொன்று தெரியாதபடி. துவைக்கிற கல்லின் மூலை முட்டுச்சந்தாக இருந்ததால் அதைப் பலகை வைத்து அடைத்தோம். பழக்கூடை இரண்டை இருபுறமும் வாய் திறந்தபடி கவிழ்த்தோம். ஒரு வழியில் விரட்டினால் மறுவழியில் வெளியேறலாம்.

கருப்பி விரட்டினாள். கொத்தினாள். இறகு பறந்தது. அத்தை எழுந்து ஓடினார். நான் கையைப் பிடித்து உட்கார வைத்தேன். விரட்டுவதும் ஒரு கொத்துக் கொத்துவதும் வழக்கம். ரத்தம் வந்தால், அல்லது கீழே அமுக்கி விடாமல் கொத்தினால்தான் நாம் இறங்க வேண்டும். ரத்தத்தைக் கண்டால் மற்ற கோழிகளும் அதே இடத்தில் கொத்தும். காயம்பட்டதை உடனே எடுத்து, மஞ்சளும் வேப்பெண்ணெயும் தடவி, ஆறும்வரை தனியே வைக்க வேண்டும். அப்படி நடந்தால் அடிக்கிற கோழியையும் மூன்று நாலு நாள் கண்ணில் படாமல் அடைத்துவைப்பது நல்லது. திரும்பி வரும்போது அதன் கொட்டம் குறைந்திருக்கும்.

நல்லவேளை, எங்களுக்கு அந்த வேலை வரவில்லை. சாயங்காலம் அத்தை ஒவ்வொரு வெடையாக மடியில் எடுத்து, கழுத்துக்குக் கீழே இரைப்பையைத் தொட்டுப் பார்த்தார். இரண்டுக்கு நிறைந்திருந்தது. ஒன்றுக்குக் காலி. அதற்குத் தனியே கொடுத்தார். தின்கிறதா என்று பார்க்க இதைவிட நல்ல வழி இல்லை. பத்து நாளில் மூன்றுக்கும் நிறைந்துவிட்டதாகப் போனில் சொன்னார்.

எங்கள் ஊரில் நான் செய்த தவறு

இலைவண்டியில் திரும்பும்போது ஒன்று உறைத்தது. எங்கள் வீட்டில் வருஷா வருஷம் இளங்கோழிகள் காணாமல் போகும். பகலில் கீரி, ராத்திரி காட்டுப்பூனை என்று அவற்றைத்தான் திட்டுவேன். சந்தையில் வாங்கி வந்ததை அன்றைக்கே பழைய கோழிகளோடு விட்டுவிடுவது என் வழக்கம். இடம் பெரிது, அடித்தால் ஓடிப்போகும் என்று நினைப்பு. ஓடியவை எங்கே போகும்? வேலியோரம், புதரோரம். மாலையில் கூட்டுக்கு வர பயந்து வெளியே எங்காவது அடையும். அவற்றைத்தான் பூனை பிடித்திருக்கிறது. வேலியோரம் விரட்டியது என் கோழிகளே. பத்தடிப் பின்கட்டில் கண்ணெதிரே நடந்தது, அரை ஏக்கரில் என் கண்ணுக்குப் படவில்லை.

இடம் எத்தனை பெரிதாக இருந்தாலும் முறை இதுதான். ஒற்றையாக விடாதீர்கள், இரண்டு மூன்றாக விடுங்கள். முதலில் தனியே, பிறகு பஞ்சாரத்துக்குள், அதன்பிறகுதான் திறப்பு. கூட்டில் இருட்டியபிறகு கொண்டுபோய் ஏற்றுவதும் நல்லதுதான், இருட்டில் கோழி சண்டை போடாது. ஆனால் முன்பின் பார்க்காத கோழியை ராத்திரி ஏற்றினால் விடிந்ததும் கொத்து விழும்.

ஆனி மாதம் போனபோது அத்தை ஒரு சின்ன முட்டையைக் கையில் கொடுத்தார். வெடைகளில் ஒன்று இட்ட முதல் முட்டை. கருப்பி முருங்கை நிழலில் படுத்திருந்தாள். அவளுக்குப் பக்கத்திலேயே ஒரு வெடை இறகு கோதிக்கொண்டிருந்தது.

"உங்க ஊருக்கு இன்னொரு பஞ்சாரம் வாங்கிக்கோ" என்றார் அத்தை. வாங்கிவிட்டேன்.