குட்டி யானையில் ஒரு ரேடியோ ஸ்டேஷன்!

2015 டிசம்பர் 1 ராத்திரி. சென்னையே தண்ணியில மிதக்குது. குட்டி யானையில லோடு ஏத்திக்கிட்டுப் போன அப்பா வீடு திரும்பலை. செல்போன்ல சிக்னலே இல்லை. மறுநாள் மத்தியானம் அவர் நனைஞ்சபடி வந்து சேர்ற வரைக்கும் அம்மா ஒரு வாய் காபிகூடக் குடிக்கலை.

அப்புறம்தான் ஹாம் ரேடியோ பத்திப் படிச்சேன். 2004 டிசம்பரில் ஹாம் ஒலிபரப்புக்காக அந்தமான் போயிருந்த பாரதி பிரசாத், 26-ம் தேதி சுனாமி தாக்கினதும் போர்ட் பிளேரில் இருந்தபடியே தன் செட் மூலம் தகவல்களை வெளியே அனுப்பினார். டவர் வேண்டாம், கேபிள் வேண்டாம்... பேட்டரியும் ஆன்டெனாவும் போதும். ‘அப்பா வண்டியில ஒண்ணு இருந்திருந்தா?’

ஆனா, லைசென்ஸ் இல்லாம மைக்கை அமுக்கினா சட்டப்படி குற்றம். மத்திய அரசு நடத்தும் பரீட்சையில கொஞ்சம் எலெக்ட்ரானிக்ஸ், கொஞ்சம் விதிமுறை. நான் எழுதின கிரேடுக்கு மோர்ஸ் கிடையாது. மாசக்கணக்கா காத்திருந்து, வி.யு.3-ன்னு ஆரம்பிக்கிற கால்சைன் வாங்கினேன். வண்டியில வைக்கிறதுக்கான விதிகளையும் பார்த்துக்கிட்டேன்.

செகண்ட் ஹேண்ட்ல 50 வாட்ஸ் செட். சார்ஜர் சாக்கெட்ல சொருகி, மைக்கை அமுக்கினேன். டப்! ஃபியூஸ் காலி. ஹார்னும் அதே லைன். விடியற்காலை கோயம்பேடு லோடு போச்சு. அப்பா திட்டவே இல்லை. அதான் ரொம்ப வலிச்சது.

ஒரு சீனியர் ஹாம் கைகொடுத்தார். எழுபது வயசுக்காரர். என்னைக் கூப்பிட்டதோ ‘ஓ.எம்.’, அதாவது ‘ஓல்டு மேன்’! ஹாம் உலகத்துல ஆம்பளைங்க எல்லாருமே அப்படித்தான்.

“செட் பேசறப்போ பத்து ஆம்பியர் இழுக்கும் ஓ.எம். பேட்டரியில இருந்தே தடிமனான வயர் இழுங்க. ஃபியூஸை பேட்டரி பக்கத்துலயே போடுங்க. நடுவுல வயர் உரசி ஷார்ட் ஆனாலும் தீப்பிடிக்காது” என்றார்.

145 மெகாஹெர்ட்ஸ் அலையோட நீளம் சுமார் 2 மீட்டர். அதுல கால்வாசி, அரை மீட்டர் கம்பி போதும். காந்த அடிப்பாகத்தோட கேபின் கூரை நடுவுல உட்கார வெச்சோம். அந்த இரும்புக் கூரையே ஆன்டெனாவுக்கு மறுபாதி மாதிரி வேலை செய்யுது. அனுப்பற சக்தி திரும்பி வந்து செட்டைச் சுட வைக்குதான்னு மீட்டர்ல பார்த்தோம். ஓகே!

எங்க தெருவுல இருந்து கூப்பிட்டா பதிலே இல்லை. இந்த அலைவரிசைக்கு உயரம்தான் எல்லாம். அடுத்த ஞாயிறு அப்பா வண்டியைப் பரங்கிமலை மேல ஏத்தி நிறுத்தினார். கால்சைன் சொல்லி மைக்கை விட்டேன். கரகரன்னு ஒரு குரல்... செங்கல்பட்டுல இருந்து!

அப்பா கொஞ்ச நேரம் செட்டையே பார்த்தார்.

“டேய், நீ காலேஜுக்குப் போயிட்டா வண்டியில யாருடா பேசுறது?”

அடுத்த வருஷம் அப்பாவும் பரீட்சை எழுதினார். பத்தாவதோட நிறுத்தினவர், ராத்திரி லோடு இறக்கிட்டு வந்து ஓம் விதி படிச்சார். இப்போ வண்டியில அவர், வீட்டு மொட்டை மாடி ஆன்டெனாவுல நான்.

பெருமழைன்னா அம்மாவுக்கு இன்னமும் பயம்தான். ஆனா, செட்ல அப்பா குரல் கேட்டதும் காபி குடிச்சிடறாங்க.