ஆரஞ்சு நிற உறை

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில், கம்பி உருட்டும் ஆலையொன்றின் பராமரிப்புப் பிரிவில் பல ஆண்டுகள் வேலை பார்த்தேன். பழுக்கக் காய்ந்த இரும்பு உருளைகளுக்கிடையே நுழையும்போது உதிரும் செதில்தூள் எங்கும் படியும். சட்டைக் காலரில், சாப்பாட்டு டப்பாவில், கணினிக்குள். இயந்திரப் பதிவுகளை வைத்திருந்த ஹார்ட் டிஸ்க் ஒருநாள் மேசையிலிருந்து விழுந்து பாழானது. சுழலும் தட்டுக்கும் அதைப் படிக்கும் முனைக்கும் இடைவெளி சில நானோமீட்டர்தான் என்பதை அன்றுதான் அறிந்தேன்.

2018இல், ஆரஞ்சு நிற ரப்பர் உறையிட்ட ஒன்றைச் சொந்தப் பணத்தில் வாங்கினேன். உள்ளே தட்டு இல்லை, சில்லுகள் மட்டுமே. அட்டையில் ஐபி 67 என்றிருந்தது. 6 என்றால் தூசி புகாது. 7 என்றால் ஒரு மீட்டர் ஆழத் தண்ணீரில் அரைமணி நேரம் கிடந்தாலும் நீர் உள்ளே போகாது. 2015 வெள்ளத்தில் புகைப்பட ஆல்பங்களைப் பறிகொடுத்த வீடு எங்களுடையது. எனவே அப்பாவின் குரலையும் அதிலேயே வைத்தேன். 1944இல் கட்டி முடிந்த பூண்டி நீர்த்தேக்கத்துக்குத் தாத்தா மண் சுமந்த கதையை, திருவள்ளூர் வீட்டுத் திண்ணையில் அமர்ந்து இரண்டு மணி நேரம் சொல்லியிருந்தார்.

அப்பா போனபின் அதைக் கேட்கும் தைரியம் வரவில்லை. ஐந்து வருடம் பீரோவில் கிடந்தது. சென்ற ஆண்டு எடுத்துச் செருகினேன். உறையில் ஒரு கீறலில்லை, கோப்புகள் திறக்கவில்லை. சில்லுகளில் தகவல் மின்னூட்டமாக நிற்கிறது, மின்சாரமே காட்டாமல் வெக்கையில் நெடுநாள் கிடந்தால் அது மெல்லக் கசியும் என்றார் பழுது பார்ப்பவர். நான் அஞ்சியதெல்லாம் தூசிக்கும் தண்ணீருக்கும்தான்.

அதே பூண்டியில் உள்ள அகழ்வைப்பகத்தில் கற்கருவிகளைப் பார்த்திருக்கிறேன். பக்கத்திலுள்ள அதிரம்பாக்கத்தில் 1863இல் ராபர்ட் புரூஸ் ஃபூட் கைக்கோடரிகளைக் கண்டார். அங்கே கிடைத்தவற்றின் வயது ஏறக்குறைய 15 லட்சம் ஆண்டுகள் என்று 2011இல் கணித்தார்கள். அவ்வளவு காலம் தாங்கிய கல்லில், செதுக்கியவனின் குரல் இல்லை.

தங்கைக்கு எப்போதோ வாட்ஸ்அப்பில் அனுப்பிய நான்கு நிமிடத் துண்டு அவளிடம் இருந்தது. இப்போது அதை மூன்று இடங்களில் வைத்திருக்கிறேன். ஆண்டுக்கொரு முறை திறந்து கேட்பதென்று முடிவு. மீதியை நினைவிலிருந்து நோட்டில் எழுதி வருகிறேன். தாத்தாவுக்கு நாளுக்கு எத்தனை அணா கூலி என்று அப்பா சொன்னது நினைவிருக்கிறது. எத்தனை என்பதுதான் நினைவுக்கு வரவில்லை.