பிள்ளையும் பொட்டலமும்

பிள்ளைகளை எப்படி வளர்க்க வேண்டும் என்று ஊராருக்கெல்லாம் உபதேசம் செய்வது உபாத்தியாயர்களின் பிறப்புரிமை. இருபது வருஷமாக அந்த உரிமையை நாமும் தாராளமாய் அனுபவித்து வந்தோம். சென்ற ஆடி மாதத்தில் ஒரு நாள் இரவு பத்தரை மணிக்கு டெலிபோன் மணி அடித்தது. அன்றோடு உபதேசம் நின்றது.

சென்னைக் கல்லூரியில் படிக்கும் நம் சிரஞ்சீவியைப் போலீஸ் ஸ்டேஷனில் வைத்திருக்கிறார்களாம். சட்டைப் பையில் கஞ்சாப் பொட்டலம். நிறை 15 கிராம். பையனுக்கு வயது 19.

1930-ல் வேதாரண்யத்தில் உப்பு அள்ளிப் பிள்ளைகள் ஜெயிலுக்குப் போனபோது பெற்றோர்கள் தலை நிமிர்ந்து நடந்தார்கள். நாமோ பக்கத்து வீட்டு விளக்கு அணையும் வரையில் காத்திருந்து தெருவில் இறங்கினோம். நம் சகதர்மிணி அழவில்லை. "சாப்பிட்டானா என்று முதலில் கேளுங்கள்" என்று மட்டும் சொன்னாள்.

பஸ் ஏறுவதற்கு முன் இரண்டு பேரிடம் பேசினோம். ஒருவர் வக்கீல். "பொய் சொல்ல வேண்டாம்; படித்துப் பார்க்காமல் எதிலும் கையெழுத்துப் போடவும் வேண்டாம். வக்கீலைக் கலந்துகொள்வது அரசியல் சட்டம் கொடுத்த உரிமை. 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன்னால் கொண்டுவந்தாக வேண்டும். நான் அங்கே இருப்பேன்" என்றார்.

இன்னொருவர் செல்வாக்குள்ள சிநேகிதர். "இதென்ன பிரமாதம்? சட்டை அறைத் தோழனுடையது, மாற்றிப் போட்டுக்கொண்டான் என்று சொல்லிவிடலாம். அந்தப் பையனின் தகப்பன் கூலிக்காரன்தானே? யார் வந்து கேட்கப் போகிறார்கள்?" என்றார்.

அந்த யோசனையை அக்கணமே உதறித் தள்ளினோம் என்று எழுத ஆசைதான். ஆனால் விழுப்புரத்திலிருந்து திண்டிவனம் வரையில் அதையேதான் நினைத்துக்கொண்டு போனோம். விடியற்காலையில் பையனைப் பார்த்ததும் நம் வாயிலிருந்து வந்த முதல் கேள்வியும் அதுதான்: "சட்டை யாருடையதடா?"

அவன் நம்மை நிமிர்ந்து பார்த்தான். "சட்டையும் என்னுடையது, பொட்டலமும் என்னுடையது, அப்பா" என்றான். வெட்கம் எந்தப் பக்கம் இருந்திருக்க வேண்டும் என்று அப்போது தெரிந்தது.

ஜாமீன் கிடைத்தது. 1985-ம் வருஷத்துப் போதைப் பொருள் சட்டத்தில் 1,000 கிராம் வரையில் கஞ்சா "சிறிய அளவு" என்றும், வைத்திருந்ததற்கு ஒரு வருஷம் வரை கடுங்காவல், அல்லது 10,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டுமே விதிக்கலாம் என்றும் வக்கீல் விளக்கினார். அத்துடன் 64-ஏ என்ற பிரிவையும் எடுத்துக் காட்டினார். சிறிய அளவோடு பிடிபட்டவன் போதைக்கு அடிமையானவனாக இருந்து, சர்க்கார் ஆஸ்பத்திரியிலோ சர்க்கார் அங்கீகரித்த நிலையத்திலோ தானாகவே சிகிச்சைக்குப் போனால், வழக்கிலிருந்து விலக்கு உண்டு. சிகிச்சையைப் பாதியில் விட்டால் விலக்கும் போய்விடும்.

"ஆனால் அடிமை என்று டாக்டரல்லவா சொல்ல வேண்டும்?" என்றார்.

"நம் பிள்ளை அப்படியெல்லாம் இல்லை, ஏதோ விளையாட்டாக ஒரு தடவை" என்றோம், சற்று ரோஷத்தோடு. வக்கீல் பதில் சொல்லவில்லை.

டாக்டர் நம்மை வெளியே இருக்கச் சொன்னார். "அப்பா இருக்கட்டும்" என்றான் பையன். எவ்வளவு நாளாய் என்று டாக்டர் கேட்டார். "எட்டு மாதமாய். தினமும். இல்லாவிட்டால் தூக்கம் வருவதில்லை" என்றான். அந்த எட்டு மாதத்தில் தீபாவளிக்கும் பொங்கலுக்கும் வீட்டுக்கு வந்திருக்கிறான். இளைத்திருக்கிறானே என்று தாயார் கேட்டபோது, ஹாஸ்டல் சாப்பாட்டின் மேல் பழியைப் போட்டவர் நாமேதான். சட்டப்படி அவனைக் காப்பாற்றக்கூடிய வார்த்தை அது. அதைக் கேட்டபோது நமக்கு உட்கார நாற்காலி தேவைப்பட்டது.

இப்போது வியாழக்கிழமைதோறும் அவனோடு ஆஸ்பத்திரிக்குப் போகிறோம். வழக்கு தீர்ந்துவிடவில்லை, தை மாதத்தில் வாய்தா. சென்ற வாரம் பஸ்ஸில் ஓர் இடம்தான் காலியாக இருந்தது. "நீங்கள் உட்காருங்கள், அப்பா" என்றான். உட்கார்ந்துகொண்டு, அவனுடைய பையை வாங்கி மடியில் வைத்துக்கொண்டோம். திறந்து பார்க்க வேண்டுமென்று கை துறுதுறுத்தது. திறக்கவில்லை.