சீசனுக்கு முந்தின பூக்கள்

மார்ச் பிறந்ததும் சென்னையில் எல்லாரும் வெயிலைத் திட்ட ஆரம்பித்துவிடுவார்கள். எனக்கோ, நீலகிரியில் எங்கள் அருவங்காட்டில் இந்நேரம் ஜக்கரண்டா பூத்திருக்குமே என்றுதான் மனசு ஓடும். இலையே தெரியாமல் மரம் முழுக்க ஊதா. ஊட்டி ரயில் போகும் தண்டவாளத்திலும் அதே ஊதா உதிர்ந்து கிடக்கும்.

வெடிமருந்து செய்கிற ஊர் அது. வெள்ளைக்காரர் காலத்து கார்டைட் ஃபேக்டரி. சங்கு ஊதினால்தான் ஊரே எழும், சோற்றுக்கு உட்காரும். ஆனால் எந்தக் குவார்ட்டர்ஸ் வாசலிலும் பூச்செடி இல்லாமல் பார்த்ததில்லை. ஓட்டை விழுந்த எண்ணெய் டின், விரிசல் விட்ட வாளி, எது கிடைத்தாலும் அதில் ஒரு ஜெரானியம் நிற்கும்.

அந்தச் செடிகளுக்கெல்லாம் தாய்வீடு குன்னூர் சிம்ஸ் பார்க். சென்னை அரசாங்கத்தில் செயலாளராக இருந்த ஜே.டி. சிம் பெயரில் 1874-ல் உருவானது. பள்ளத்தாக்கின் சரிவை வெட்டிச் சமப்படுத்தாமல், அதன் போக்கிலேயே பாதை விட்டிருப்பார்கள். நாய்க்கடிக்கு மருந்து செய்த பாஸ்டர் இன்ஸ்டிடியூட் எதிரிலேயே இருக்கிறது. ஊசிக்குப் பயந்து அழுத பிள்ளையை அந்தப் பக்கம் கூட்டிப்போய்ச் சமாதானம் செய்த அம்மாக்கள் நிறையப் பேர் இருந்திருப்பார்கள்.

மார்ச்சில் அங்கே கூட்டம் இருக்காது. தோட்டக்காரர்கள் பாத்தி கொத்திக்கொண்டிருப்பார்கள். கவாத்து செய்து ஒதுக்கிய தண்டுகளை அம்மா கேட்டு வாங்குவாள். இரண்டு வார்த்தை நல்லது கெட்டது விசாரித்தால் மூன்று தண்டு கூடுதலாக வரும். ஈரத் துணியில் சுற்றி, பஸ்ஸில் மடியிலேயே வைத்துக்கொள்வாள். வீட்டுக்கு வந்ததும் அடி இலைகளைக் கிள்ளிவிட்டு, கணுவுக்குக் கீழே சரிவாக நறுக்கி மண்ணில் செருகுவாள். ஜெரானியம் இலையைக் கசக்கிய வாசனை சோறு பிசையும்போதும் விரலில் இருக்கும்.

ஹைட்ரேஞ்சியாதான் அவளுக்குப் பெருமை. தேயிலைக்கு ஒத்துவருகிற புளிப்பு மண்ணில் அலுமினியம் எளிதாகக் கரைந்து வேருக்குப் போகும். அதனால் கொத்துக் கொத்தாக நீலம். சுண்ணாம்புச் சத்துள்ள மண்ணில் அதே செடி ரோஸ் நிறத்தில் பூக்கும். இதெல்லாம் நான் பின்னால் படித்தது. எங்கள் வீட்டு நீலம் தன் கைராசி என்றே அம்மா கடைசிவரை சொன்னாள். அதைத் திருத்த யாருக்கு மனசு வரும்?

ஊட்டி தாவரவியல் பூங்கா வேறு ரகம். 1848-ல் மெக்ஐவர் உருவாக்கத் தொடங்கிய இடம். மே மாத மலர்க் கண்காட்சி 1896-லேயே தொடங்கிவிட்டது. ஆயிரக்கணக்கான தொட்டிகளை மாடத்தில் அடுக்குவதைப் பார்க்க நாடே திரண்டு வருகிறது. எனக்குப் பிடித்தது அதற்கு முந்தைய வாரங்கள்தான். சால்வியாவும் பேன்சியும் மொட்டு விட்டும் விடாமலும் நிற்கும். புல்தரையில் தண்ணீர் பீய்ச்சும் சத்தம் தவிர வேறொன்றும் கேட்காது. கண்காட்சி என்றால் முன்னால் போகிறவரின் முதுகைத்தான் பார்க்கவேண்டும். அதற்கு ரங்கநாதன் தெருவே போதும்.

சென்னை மாடியில் நானும் ஹைட்ரேஞ்சியா வைத்துப் பார்த்தேன். ஏப்ரல் தாண்டவில்லை. ஜெரானியம் கொஞ்சம் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றது, பிறகு அதுவும் போனது. இப்போது செம்பருத்தி இருக்கிறது. குறை சொல்ல முடியாது, தினமும் பூக்கிறது. ஆனால் அதன் இலையைக் கசக்கினால் வெறும் வழுவழுப்புதான்.

அக்கா இன்னும் அருவங்காட்டில்தான் இருக்கிறாள். 2024 மே மாதத்திலிருந்து, நீதிமன்ற உத்தரவுப்படி, வெளியூர் வண்டி மலையேற இ-பாஸ் வேண்டும். நீலகிரிப் பதிவு வண்டிக்கு அது தேவையில்லை. என் வண்டி சென்னைப் பதிவு. சொந்த ஊருக்கு அனுமதிச் சீட்டா என்று போனில் கத்தினேன். "அப்புறம் எல்லாரும் கார்ல வந்தா ரோடு தாங்குமா? பேசாம மேட்டுப்பாளையத்துல பஸ் ஏறு" என்றாள். "பிளாஸ்டிக் கவர் எதுவும் எடுத்துட்டு வராத, செக்போஸ்ட்ல புடுங்கிடுவாங்க. தண்டு கொண்டுபோக நான் துணி தர்றேன்."